இழுப்பு

நோய்க்கும் இழுப்பு என்றுதான் பெயர்,
மருந்துக்கும் இழுப்பு என்றுதான் பெயர்.
"இன்றைக்கு எத்தனை இழுப்பு?" என்று நீலாவதி கேட்டால்
எதைக் கேட்கிறாள் என்று
அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டர்பனுக்குத் தெற்கே, மெரிபேங்க்.
இந்தப் பக்கம் காற்று திரும்பினால் எண்ணெய் ஆலை,
அந்தப் பக்கம் திரும்பினால் காகித ஆலை.
முப்பத்தொரு வருஷம் பாய்லர் பக்கம் நின்றவன் நான்.
வழக்குப் போட வந்த வக்கீல் பையனிடம் உள்ளதைச் சொன்னேன்:
பாதி ஆலை, பாதி என் சட்டைப்பையில் இருந்த சிகரெட்.
அவன் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டான்.

இப்போது அந்தப் பையில் நீலக் குழல்.
கூப்பிட்டால் வருகிறவன்.
குலுக்கு, வாயில் வை, அமுக்கு,
பத்து எண்ணும்வரை பிடி
(ஏழில் இருமல் வந்துவிடும்).
நெஞ்சுக்குள் யாரோ தாழ்ப்பாளைத் தட்டிவிடுவது
காதுக்கே கேட்கும்.
கை நடுங்கும், கோப்பை தட்டின்மேல் தாளம் போடும்,
இருதயம் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்.
நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு.
அப்புறம் கேஷுவல் ஆள் மாதிரி
கூலியை எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

மற்றது சாம்பல் நிறம்.
காலையில் ஒரு தடவை திறந்து, குளிகையை வைத்து,
பொத்தானை அமுக்கித் துளைத்து,
உறிஞ்சினால் உள்ளே கடகடவென்று சுற்றும்,
தேய்ந்த பேரிங் போல.
அவ்வளவுதான்.
வாய் வறளும். வேறொன்றும் நடக்காது.
இருபத்துநாலு மணி நேரம் வேலை செய்யும் என்கிறார்
சிஸ்டர் ஹ்லெங்கிவே.
செய்தால் செய்யட்டும்,
ஆனால் மூச்சுக் காட்டாது.
"திணறும்போது இதைத் தேடாதே பாபா,
இது ஓடி வராது."
திணறும்போது வராதது எதற்கு என்று
பஸ்ஸில் நீலாவதியிடம் கேட்டேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூனில் கிளினிக்கில் சாம்பல் இல்லை.
அடுத்த வாரம் என்றார்கள்.
ஏழு அடுத்த வாரங்கள்.

முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை,
பார்த்தாயா, என்றேன்.
ஐந்தாம் நாள்
குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவில்
ஒரு நாற்காலி வந்தது.
அதற்குப் பிறகு சட்டை:
மூன்று பொத்தான், உட்கார், மீதி மூன்று.
மாதம் தாங்குகிற நீலம் பதினொரு நாளில் காலி.
அடுத்த வீட்டுப் பூபாலன் தன் மகளுடையதைக் கொடுத்தான்,
அவள் ஒட்டிய வண்ணத்துப்பூச்சியோடு.
இருநூறு தடவை அழைக்கலாம் அதை,
நான் இரவுக்குப் பத்து தடவை அழைத்தேன்.
வந்தான். ஒவ்வொரு தடவையும்
கொஞ்சம் தாமதமாக வந்தான்.

மின்சாரம் நின்ற ஒரு ராத்திரி
தெருவே இருட்டு.
எண்ணெய் ஆலையின் தீ மட்டும் வானத்தில் ஆடுகிறது,
அதற்கு மின்வெட்டு கிடையாது.
முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கிவிட்டு
நீலாவதி சொன்னாள்:
உதட்டைக் குவி,
சூடான பாலை ஊதுகிற மாதிரி ஊது,
மெதுவாக, ஆடை கலையக் கூடாது.
விடியும்வரை இல்லாத பாலை
இரண்டு பேரும் ஊதிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்டில் சாம்பல் வந்தது.
கொண்டாட ஒன்றும் நடக்கவில்லை.
கடகட. வறட்சி.
ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ,
ஐந்தாவது பொத்தானில்தான் கவனித்தேன்,
நின்றுகொண்டிருக்கிறேன்.

யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும்.
தெரிந்தும் என்ன,
வாசலைத் தாண்டும்போது
கை தடவிப் பார்ப்பது நீலத்தைத்தான்.
அது இருக்கிறது.
மருந்து முக்கால்வாசி,
ஒட்டிய பூச்சிக்கு ஒரு இறக்கை இல்லை.